மூட்டையில் வந்து மூட்டையில் போகும் வேலையையும் எண்ணுங்கள்

தமிழ்நாடு அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை, தொழில் துறை, தொழிலாளர் நலத் துறை அலுவலர்களுக்கும், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும், எங்கள் பக்கத்துத் தோல், காலணி ஏற்றுமதியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நான் பிறந்தது குடியாத்தம். வாழ்க்கைப்பட்டது பேரணாம்பட்டு. ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலிருந்து அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோல், வாங்கி வந்து வீடுகளில் தைக்கக் கொடுக்கும் ஒரு ஏஜென்ட்டிடம் ஒன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு முப்பது பெயர். பெயருக்கு எதிரே ‘போனது’, ‘வந்தது’, ‘ரிஜெக்ட்’, ‘பாக்கி’ என்று நாலு கட்டம். இதுவரை பதினேழு நோட்டு முடிந்திருக்கிறது. அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் மூத்த மகள் பி.காம். படிக்கிறாள். போன மாதம் அவள் ஒரு பாடத்துக்காக இலங்கையின் மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடும் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தாள். தேயிலை எவ்வளவு போனது, ஆடை எவ்வளவு போனது, எத்தனை சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், போன வருடம் இதே மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா, எல்லாம் அதில் இருக்கிறது. 2022-ல் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனங்கள் ராத்திரி பகலாக வரிசையில் நின்ற நாடு அது. கடனைக் கட்ட முடியவில்லை என்று உலகத்துக்கே அறிவித்த வருடத்திலும் இந்தக் கணக்கை அவர்கள் நிறுத்தவில்லை. “நம்ம ஊருக்கு இந்த மாதிரி எங்கம்மா கெடைக்கும்?” என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

நாங்கள் ஒன்றும் சின்ன ஊர் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அன்றைய வேலூர் மாவட்டத்தில் 39,36,331 பேர். மங்கோலியா என்ற நாட்டில் இருப்பவர்களைவிட நாங்கள் அதிகம். பழைய வட ஆற்காட்டை 1989-ல் இரண்டாகப் பிரித்தார்கள். 2019-ல் வேலூரை மூன்றாகப் பிரித்தார்கள். நிர்வாகத்துக்கு அது வசதி. தாலுகா ஆபீஸுக்கு நடப்பவர்களுக்கும் வசதிதான். ஆனால் தொழில் அப்படிப் பிரியவில்லை. எங்கள் கைக்கு வரும் ஒரு ஜோடி ஷூவையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பதனிட்டது இராணிப்பேட்டை மாவட்டத்தில், மேல்விஷாரம் பக்கம். வெட்டியது திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆம்பூரில். தைத்தது வேலூர் மாவட்டத்தில், எங்கள் தெருவில். தைத்து முடித்ததும் மறுபடி ஆம்பூர் போய் அடிப்பாகம் ஒட்டி, பெட்டிக்குள் ஏறி, சென்னைத் துறைமுகத்துக்குப் போகிறது. மூன்று மாவட்டப் புள்ளிவிவரக் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இந்த ஒரு ஜோடி எந்த வழியாக வந்தது என்று தெரியாது. நடுவில் எங்கள் தெரு எந்தக் கையேட்டிலும் இல்லை.

வெளியே வரும் கணக்கெல்லாம் பெரிய கணக்கு. இந்தியாவின் தோல், தோல் பொருள், காலணி ஏற்றுமதி 2022-23-ல் சுமார் 526 கோடி டாலர், அடுத்த வருடம் சுமார் 469 கோடிக்கு இறங்கியது, 2024-25-ல் சுமார் 483 கோடிக்கு ஏறியது. அதில் பெரும் பங்கு தமிழ்நாட்டுடையது. இந்த எண்களில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 2023-ல் ஐரோப்பாவில் வியாபாரம் படுத்து, ஜெர்மனி ஆர்டர்கள் சுருங்கியபோது, அந்த 57 கோடி டாலர் எந்த வீட்டு அடுப்பில் குறைந்தது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. என் எட்டாவது நோட்டில் இருக்கிறது. அந்த வருடம் மே மாதத்திலிருந்து ‘போனது’ கட்டத்தில் பாதிப் பெயருக்கு எதிரே கோடுதான் போட்டிருக்கிறேன்.

2025 ஆகஸ்ட்டைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 7-ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 25 சதவீதக் கூடுதல் வரி அமலுக்கு வந்தது. 27-ஆம் தேதி அது 50 ஆனது. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது அந்த 27-ஆம் தேதி. எங்கள் தெருவுக்குச் செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது. வழக்கமாகத் திங்கள், வியாழன் இரண்டு நாளும் வண்டியில் எட்டு மூட்டை இறங்கும். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் மூன்று மூட்டை இறங்கியது. அடுத்த வியாழன் வண்டியே வரவில்லை. கம்பெனியில் அப்போதும் ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது, பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கம்பெனிக்கு வேலை குறையும்போது முதலில் நிறுத்துவது வெளியே கொடுக்கும் வேலையைத்தான். அதற்கு நோட்டீஸ் வேண்டாம், லே ஆஃப் வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம். மூட்டையை அனுப்பாமல் இருந்தால் போதும்.

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தொழில் எப்படி இருக்கிறது என்பதை எல்லாருக்கும் முன்னால் தெரிந்துகொள்ளும் இடம் வீட்டுத் திண்ணைதான். தொழிற்சாலைகளின் வருடாந்திரக் கணக்கெடுப்பு வெளிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதிலும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருக்கும் தொழிற்சாலைகள்தான் உள்ளே வரும். மூட்டைக் கணக்கை ஒவ்வொரு வாரமும் எடுக்கலாம். எடுத்திருந்தால் ஆகஸ்ட் 15-ஆம் தேதிக்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள்மேல் இரக்கப்பட்டு எண்ணுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கு இதைவிட முந்திய கணக்கு வேறு எங்கும் கிடைக்காது.

செப்டம்பரில் இன்னொன்றும் நடந்தது. ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், நாங்கள் ஜூலையில் தைத்துக் கொடுத்த 412 ஜோடியை ரிஜெக்ட் என்று திருப்பி அனுப்பியது. அதற்குமுன் ஒரே தடவையில் நாற்பதுக்கு மேல் திரும்பியது கிடையாது. தையலில் குறை என்று சீட்டில் எழுதியிருந்தது. நானும் ஏஜென்ட் அண்ணனும் ராத்திரி பதினோரு மணி வரை பல்பு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். முப்பது முப்பத்தைந்து ஜோடியில் சுருக்கம் சரியில்லை, உண்மை. மீதியில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் 412 ஜோடிக்கும் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஒவ்வொரு வீடாகப் போய் அதைச் சொன்னவள் நான். எந்த அக்காவும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “தீவாளிக்கு எவ்ளோ கொடுப்பீங்க அப்போ?” என்று கேட்டார். தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

அப்பர் தைப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கம்பெனியில் தோலை வெட்டி, விளிம்பில் ஓட்டை போட்டு, மேல் துண்டையும் பக்கத் துண்டையும் ஜோடி ஜோடியாகக் கட்டி அனுப்புவார்கள். கூடவே மெழுகு பூசிய நூல். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா காலையில் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு வாசற்படியில் உட்காருவார். துண்டை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு ஊசியை எதிரும் புதிருமாக ஒரே ஓட்டையில் விட்டு இழுப்பார். நூலை இறுக்க இறுக்க விரல் மடிப்பு அறுபடும். அதற்காகப் பழைய சைக்கிள் டியூபை மோதிரம்போல வெட்டி நாலு விரலில் மாட்டியிருப்பார். முன்பக்கம் வளைகிற இடத்தில் சுருக்கம் ஒரே அளவாக விழ வேண்டும். ஒரு சுருக்கம் தடித்தால் போயிற்று. ஒரு ஜோடிக்கு முக்கால் மணி நேரம். மாடலைப் பொறுத்து எங்கள் தெருவில் ஜோடிக்குப் பத்து ரூபாயிலிருந்து பதினைந்து, ரொம்பக் கஷ்டமான மாடலுக்கு இருபது. நாள் முழுக்க நிமிராமல் உட்கார்ந்தால் பத்து ஜோடி. அந்தத் தையல்தான் அந்த ஷூவின் அழகு. மெஷினால் அதைச் செய்ய முடிந்திருந்தால் மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது.

இந்த அக்காவுக்கு பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கென்று ஒரு நல வாரியம் அரசு வைத்திருக்கிறது. நல்ல விஷயம். என் நோட்டில் உள்ள முப்பது பேரிடமும் கேட்டேன். நாலு பேர் பதிந்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைப்பு.

என் அம்மாவின் கதை இதிலிருந்து கொஞ்சம் வேறு.

அம்மா பதினோரு வயதிலிருந்து பீடி சுற்றினார். ராத்திரி இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார். விடிந்ததும் தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டுவார். மடியில் முறம், முறத்தில் தூள். இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, நூலைச் சுற்றி, தலையை மடக்கி விடுவார். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். கொடுக்கிற இலையில் ஆயிரம் வராது. ஓட்டை இலை, காய்ந்த இலை போக எண்ணூறுதான் தேறும். மீதி இலையைச் சொந்தக் காசில் வாங்கி ஆயிரத்தைச் சரிக்கட்டிக் கொடுக்க வேண்டும். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருவது என்பதுகூட அம்மாவுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

ஆனால் அம்மாவிடம் ஒரு அட்டை இருந்தது. 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று அதில் எழுதினார்கள். 1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதி வந்தது. பீடிமேல் ஒரு சின்ன வரி போட்டு, அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் படிப்புப் பணம், வீட்டுக்கு உதவி. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அந்தப் பணத்தில்தான் நோட்டும் சீருடையும் வாங்கினோம். இன்று நான் கணக்கு எழுதுகிறேன் என்றால் அந்த அட்டைக்கும் அதில் பங்கு உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரியை எடுத்துவிட்டார்கள். 2025 நவம்பர் 21-லிருந்து 1966 சட்டமும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பீடி உடம்புக்குக் கேடு, அது குறைந்தால் நல்லது என்பதில் எனக்கு வேறு கருத்து இல்லை. அம்மாவுக்கே கடைசி வருடங்களில் விடாத இருமல். நான் சொல்ல வருவது அட்டையைப் பற்றி. வீட்டில் செய்யும் வேலையை ஒரு சட்டம் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, அதனால் அட்டை வந்தது. ஷூ தைக்கும் பெண்ணை இதுவரை எந்தச் சட்டமும் அப்படிக் கூப்பிடவில்லை. வீட்டில் செய்யும் வேலைக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் ஒரு உடன்படிக்கை கொண்டு வந்தது, 177-வது உடன்படிக்கை. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

அட்டை வைத்திருந்த அம்மாகூட மக்கள்தொகைக் கணக்கில் தொழிலாளியாக ஏறவில்லை. 2011 பிப்ரவரி. இரண்டாவது பிரசவத்துக்காக நான் குடியாத்தத்தில் இருந்தேன். கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார். அம்மா நடையில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார்.

“நீங்க என்ன வேலை செய்றீங்கம்மா?”

“நான் இன்னா வேலை செய்றேன் டீச்சரம்மா, வூட்லதான் கீறேன்.”

டீச்சர் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிப்பதற்குள் அம்மா நாலு பீடி சுற்றியிருப்பார். நான் உள்ளே பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்கு அது தப்பாகப் படவில்லை. அந்த டீச்சர்மேல் எந்தக் கோபமும் இல்லை. வெயிலில் நூற்றுக்கணக்கான வீடு ஏறி இறங்கியவர் அவர். படிவத்தில் வீட்டுத் தொழில் என்று ஒரு பிரிவு இருந்தது என்பதுகூட எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கட்டம் இருந்தது, கேள்விதான் சரியில்லை. “என்ன வேலை” என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் வேலை இல்லை என்றுதான் சொல்வார்கள். வாசலைத் தாண்டிப் போனால்தான் வேலை என்று அவர்களுக்குப் பழகிப்போய்விட்டது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் மூன்று மாவட்டத்துக்குப் போகும் கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். “இந்த வீட்டுக்கு வெளியிலேர்ந்து மூட்டை ஏதாச்சும் வருதாம்மா? முடிச்சுத் திருப்பிக் கொடுக்கிறீங்களா?” அப்பர் மூட்டை, பீடி இலை, லுங்கிக்கு நூல், எது வந்தாலும் இந்த ஒரே கேள்வியில் பிடிபடும். இதற்குப் புதுப் படிவம் வேண்டாம், பணமும் வேண்டாம். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பிலும் 2025 ஜனவரியிலிருந்து மாவட்டத்தை அடிப்படை அலகாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று படித்தேன். அங்கேயும் இதே கேள்வியைக் கேட்கச் சொல்லலாம்.

எண்ணினால் என்ன ஆகும் என்று எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். பாலாற்றங்கரையில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் தோல் ஊறவைத்தார்கள். பிறகு குரோமியம் வந்தது. 1970-களில் பச்சைத் தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அரசு தடுத்தது. தோலை ஷூவாக்கி அனுப்ப ஆரம்பித்தோம், ஊர் பிழைத்தது. ஆனால் தோல் கழிவால் கிணறு கெட்டது. தென்னை காய்ந்தபோதும், மாடு தண்ணீர் குடிக்க மறுத்தபோதும் விவசாயிகள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். சொன்னது எடுபடவில்லை. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு உதவாமல் போனது என்ற கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக்கிய தீர்ப்பு வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் வந்தது என்பது இன்றைக்கும் எங்களுக்குப் பெருமை. அதன்பின் நஷ்ட ஈட்டைக் கணக்கிட அமைத்த ஆணையம் கிராமம் கிராமமாகப் போய் எழுதியது. 2001-ல் 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் நஷ்ட ஈடு என்று முடிவானது. என் கணவரின் சித்தப்பா அதில் ஒருவர். தொகை சின்னதுதான். ஒரு ஏக்கர் தென்னந்தோப்புக்கு அது ஈடாகாது. ஆனால் அந்த நோட்டீஸை அவர் சாகும்வரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அரசாங்கத் தாளில் தன் பெயரும் தன் கிணறும் இருந்ததை வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி இந்த வழக்கைப் பேசி, விடுபட்டவர்களுக்குப் பணம் கொடுக்கவும் பாலாற்றைக் கண்காணிக்கவும் உத்தரவு போட்டிருக்கிறது. தீர்ப்பு வந்து 28 வருடம் கழித்தும் அந்தப் பட்டியல் உயிரோடு இருப்பதால்தான் அது முடிந்தது.

எண்ணாமல் விட்டது என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2015 ஜனவரி 31 விடியற்காலை இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீர் நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துப் பேர், தூங்கிக்கொண்டிருந்தவர்கள், சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அந்த வருடத்து ஏற்றுமதிக் கணக்கை எடுத்துப் பார்த்தால் நல்ல வருடம் மாதிரிதான் இருக்கும்.

இப்போது ஏற்றுமதியாளர்களிடம் பேச வேண்டும்.

அய்யா, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. கணக்கு எழுதுகிறவளுக்குக் கம்பெனியின் கஷ்டமும் தெரியும். வியட்நாம் வருடத்துக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் காலணி அனுப்புகிறது, அவர்களோடு விலையில் மோத வேண்டியிருக்கிறது. கழிவுநீரைச் சொட்டு வெளியே விடாமல் சுத்திகரிக்கும் செலவு தலைமேல் இருக்கிறது. ஜெர்மனியில் 2023 முதல் ஒரு சட்டம். சரக்கு செய்யும் இடத்தில் தொழிலாளர் உரிமை மீறப்படுகிறதா என்று வாங்குகிற பெரிய கம்பெனிகள் கவனித்தாக வேண்டும். அதனால் ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள். வருகிற அன்றைக்கு எங்களுக்கு ஒரு போன் வரும். “இன்னிக்கு மூட்டை எதுவும் வெளியில தெரியக் கூடாது. யாராச்சும் கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்க. சொன்னா வேலை நின்னுடும்.” எங்கள் அக்காக்கள் தைத்த அப்பரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு நாள் முழுக்க சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாளுக்குக் கூலி கிடையாது.

இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பயம் இந்தப் பத்தியை எழுதத்தான். எண்ணச் சொல்லி நான் எழுதி, அதனால் வீட்டு வேலையையே நிறுத்திவிட்டார்கள் என்றால் என் தெருவில் நான் நடக்க முடியாது. ஏஜென்ட் அண்ணனிடம் முதலில் சொன்னபோது, “ஏம்மா, நாலு பேர் பொழப்புல மண்ணைப் போடறே” என்றார். செப்டம்பரில் ரிஜெக்ட் வந்தபிறகு அவரே வந்து, “எழுதுமா. பேர் மட்டும் போடாதே” என்றார். 412 ஜோடிக்கு அவர் கையிலிருந்தும் பணம் போயிற்று. எங்களை யாரும் பார்க்காததால் அவரையும் யாரும் பார்க்கவில்லை. எங்கே போய்க் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆகையால் உங்களிடம் கேட்பது இது. ஆய்வுக்கு வருபவரிடம் இல்லை என்று சொல்லாதீர்கள். இருக்கிறார்கள், இத்தனை பேர், இந்த ஊர்களில், ஜோடிக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். சொன்னால் கூலியைக் கூட்டச் சொல்வார்கள், உண்மைதான். அந்தக் கூடுதலில் ஒரு பங்கை வாங்குகிறவரே ஏற்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு அப்போதுதான் இடம் கிடைக்கும். மறைத்து வைத்த தையலுக்கு விலை பேச முடியாது.

புதிதாக வரும் கம்பெனிகளைப் பற்றி எங்களுக்குச் சந்தோஷம்தான். பனப்பாக்கம் சிப்காட்டில் ஒரு தைவான் காலணி நிறுவனத்துக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 1,500 கோடி முதலீடு, 25,000 வேலை என்று அறிவிப்பு. அதே பனப்பாக்கத்தில் கார் தொழிற்சாலைக்கு அதற்குச் சில மாதம் முன்பு அடிக்கல். செய்யாறு பக்கம் பல வருடமாகவே காலணித் தொழிற்சாலைக்குக் கிராமம் கிராமமாகப் பஸ் வருகிறது, படித்த பெண்கள் சம்பளச் சீட்டு வாங்குகிறார்கள், பி.எஃப். பிடிக்கிறார்கள். என் மகளும் அப்படி ஒரு வேலைக்குப் போவாள் என்று நம்புகிறேன். ஆனால் அந்தப் பஸ்ஸில் ஏற முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், கைக்குழந்தை இருக்கக் கூடாது, வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார் இருக்கக் கூடாது. என் நோட்டில் முப்பது பெயரில் இருபத்திரண்டு பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். அரசு 2022-ல் வெளியிட்ட காலணி, தோல் பொருள் கொள்கையில் 2025-க்குள் 2 லட்சம் வேலை என்று இலக்கு வைத்தார்கள். அந்த 2 லட்சத்தில் இவர்கள் கூடுதலா, கழித்தலா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். காரணம், வந்துகொண்டிருக்கும் புதிய தொழிற்சாலைகள் பெரும்பாலும் தோல் இல்லாத ஷூ செய்பவை. அதற்குக் கைத்தையல் வேண்டாம்.

வேலூர் டவுனிலும் இப்படி எண்ணப்படாத ஒரு தொழில் இருக்கிறது. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளிகளுக்கும் வங்கதேசத்துக்காரர்களுக்கும் வீட்டின் ஒரு அறையை ஸ்டவ்வோடு வாடகைக்கு விடும் குடும்பங்கள், வங்காள மொழி பேசிக் கூடவே போகும் ஆட்கள், மீனும் கடுகெண்ணெயும் விற்கும் சின்னக் கடைகள். 2024 ஆகஸ்ட்டுக்குப் பிறகு வங்கதேச விசா சுருங்கியதும் பாபுராவ் தெருப் பக்கம் பூட்டிய அறைகளை நானே பார்த்தேன். அதைப் பற்றி அவர்களில் ஒருவர் எழுதினால் என்னைவிட நன்றாக எழுதுவார்.

மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து மாதத்துக்கு ஒரே ஒரு தாள் போதும். அதில் எத்தனை ஜோடி வெளியே தைக்கப் போனது, எத்தனை ஆயிரம் பீடிக்கு இலை கொடுத்தார்கள், குடியாத்தத்தில் எத்தனை தறி ஓடியது, ஜோடிக்கும் ஆயிரத்துக்கும் என்ன கூலி, போன வருடம் இதே மாதம் என்ன என்று இருந்தால் போதும். தமிழில் இருக்க வேண்டும். தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டினால் நாங்கள் போய்ப் படித்துக்கொள்வோம். ஒவ்வொரு ஏஜென்ட்டிடமும் என்னைப்போல் ஒரு நோட்டு இருக்கிறது. நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இருக்கிற நோட்டுகளைக் கூட்டினால் போதும். பெயர் வெளியே தெரியாமல், யார் வேலையும் போகாமல் அதைச் செய்வதற்கு உங்களிடம் படித்த அதிகாரிகள் இருக்கிறார்கள்.

எங்களிடம் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கணக்கு முடிப்போம். முப்பது பேரும் வருவார்கள், தைத்ததைக் கொடுத்துப் பணம் வாங்கிப் போவார்கள். உங்கள் அலுவலர் ஒருவர் அன்றைக்கு வந்தால் ஆறு மணிக்குள் எல்லாரிடமும் பேசிவிடலாம். ஒரு பெண் அலுவலராக இருந்தால் அவர்கள் இன்னும் தைரியமாகப் பேசுவார்கள். ஏஜென்ட் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பதினேழு நோட்டையும் வருட வாரியாகக் கட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பர் கணக்கு எழுதும் ஒரு பெண்,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.